அவர் வழுக்கி விழவில்லை

அன்புள்ள மகனுக்கு,

உன்னையும் உன் வீட்டாரையும் கர்த்தரின் கையில் விட்டுவிட்டு அப்பா எழுதுகிறேன். அப்பாவேதான் எழுதுகிறேன், யாரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லி எழுதவில்லை. உன் அம்மா பக்கத்தில் பூண்டு உரித்தபடி, "ஏனுங்க, வெடியால இருந்து எழுதறீங்க, இன்னும் 'அன்புள்ள'வத் தாண்டலீங்களா? இந்த வேகத்துல போனா கடுதாசி போய்ச் சேர்றதுக்குள்ள பையனுக்குத் தல நரச்சுப்போயிரும்" என்கிறாள். சொல்லட்டும். ஒவ்வொரு எழுத்தாக வைத்து நிமிர்ந்து பார்க்கும்போது எனக்கு வருகிற சந்தோஷம் அவளுக்குத் தெரியாது. பள்ளிக்கூட வராண்டாவில் சாயங்காலம் நடக்கிற எழுத்தறிவு வகுப்பில் ஒன்பது பெண்கள், நான் ஒருத்தன் ஆண். "மாமா, உங்க 'அ' வவுத்துவலி வந்தவனாட்டம் சுருண்டு கெடக்குதுங்க" என்று அவர்கள் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். போன மாதம் வங்கியில் பணம் கொடுக்கிற அம்மா வழக்கம்போலக் கைநாட்டுக்கு மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். நான் அதை ஒரு விரலால் திருப்பித் தள்ளிவிட்டுப் பேனா கேட்டேன். எழுபது வயதில் ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் மூச்சு வாங்கும் நேரத்தில் நீ, "அப்பறம் கூப்பிடறேன்ப்பா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். உன்னைக் குறை சொல்லவில்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் வைத்துவிடுவேன். நான் சொல்லப்போவது அப்படிப்பட்டது. கடிதத்தை மடித்து வைக்கலாம், கிழித்தும் போடலாம், ஆனால் பாதியில் நிறுத்தினாலும் அது மிச்சத்தோடு உன் வீட்டில்தான் கிடக்கும்.

பெங்களூரில் உன் வீட்டில் இருந்துவிட்டு நான் திரும்பி வந்ததும் கோயிலில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "பையன் சபைக்குப் போறானுங்களா? அந்த ஊருக்குப் போனாப் பசங்க மாறிப்போறாங்கன்னு சொல்றாங்களே." நான் பார்த்ததை நினைத்துப் பார்த்தேன். கல்யாணத்தில் மருமகளுக்குக் கொடுத்த வேதப் புத்தகத்தைத் தேடினேன். டிவிக்குக் கீழே ரிமோட்டுகளும் சார்ஜர் வயர்களும் கிடக்கிற பெட்டியில் இருந்தது. சாப்பிடும்போது நீ ஒரு போனைப் பார்த்தாய், மருமகள் ஒரு போனைப் பார்த்தாள், பேத்தி ரெபியும் ஒன்றைப் பார்த்தாள். ஜெபம் பண்ணாமலே இட்லி தீர்ந்துபோனது. ஃப்ரிட்ஜில் கீரைக்குப் பின்னால் நீ எனக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்த பாட்டில்களையும் பார்த்தேன். இதற்கெல்லாம் நான் பயப்படவில்லை. முப்பது வருசம் ரிக்கு வண்டியில் போர்க்கிணறு போட ஊர் ஊராகப் போனவன் நான். நீ ஒளித்து வைத்ததை நான் ஒளிக்காமலே குடித்திருக்கிறேன். எனக்குப் பயம் வந்தது வேறொரு இடத்தில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் தொந்தரவு தாங்காமல்தான் நீ கோயிலுக்குக் கிளம்பினாய். மருமகளுக்கு ஜுரம், வரவில்லை. காரில் நான் முன்சீட்டில், ரெபி பின்சீட்டில். மேம்பாலத்துக்கு அடியில், நெரிசலில், ஓர் ஆட்டோ உரசி உன் பக்கத்துக் கண்ணாடி உடைந்தது. நீ இறங்கினாய். ஆட்டோக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும், தமிழ்க்காரர். "சார், பாக்கல சார், பின்னாடி பஸ்ஸு தள்ளிக்கிட்டே வந்துச்சு சார்" என்று கும்பிட்டார். நீ சட்டையைப் பிடித்து அவரை வெளியே இழுத்தாய். முதல் அடி காதோடு சேர்ந்து விழுந்தது. அவர் போட்டிருந்த மூக்குக்கண்ணாடி பறந்து ஒரு லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. இரண்டாவது அடியில் உதடு கிழிந்தது. மூன்றாவது அடி தேவையே இல்லை. அவர் அதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டார். நீ குனிந்து அடித்தாய். "எங்கிட்டயே வெச்சுக்கறயா?" என்று கேட்டாய். வருசக்கணக்காக இங்கிலீசும் கன்னடமும் பேசுகிற என் மகன், அடிக்கும்போது மட்டும் நம் ஊர்ப் பேச்சில் பேசினான். அது என்னுடைய வார்த்தை. தோளைப் பின்னால் இழுத்து இடுப்பைத் திருப்பி வீசுகிற அந்த வீச்சும் என்னுடையது. நாற்பது வயதில் நானே இறங்கி நின்றதுபோல் இருந்தது.

நான் இறங்கவில்லை. கதவுப் பிடியில் கை வைத்திருந்தேன், திறக்கவில்லை. பின்னால் இருந்து ரெபி, "தாத்தா, அந்த அங்கிளுக்கு ரத்தம் வருது" என்றாள். "பாக்காத சாமி, கண்ண மூடிக்கோ" என்றேன். நான் செய்தது அவ்வளவுதான். நீ வந்து உட்கார்ந்து, விரல்களைத் துடைத்த காகிதத்தை வெளியே போட்டுவிட்டு, வண்டியை எடுத்தாய். கோயிலில் மூன்று பெரிய திரைகள், மேடையில் கிட்டார், வண்டி நிறுத்த டோக்கன். அன்று திருவிருந்து, அப்பமும் ரசமும் கொடுக்கிற நாள். நீ போய் மண்டியிட்டாய், நான் உன் பக்கத்தில் மண்டியிட்டேன். உன் விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது. அந்தக் கையை நீட்டி அப்பத்தை வாங்கினாய். எல்லாவற்றையும் பார்த்த நானும் வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள், "கண்ணாடி என்னாச்சு?" என்று கேட்டாள். "பார்க்கிங்ல எவனோ இடிச்சுட்டுப் போயிட்டான்" என்றாய். சொல்லிவிட்டு ரெபியைப் பார்த்தாய். வாயைத் திறந்து அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தாய், அவ்வளவுதான். "ஆமா மம்மி, பார்க்கிங்ல" என்றாள் அவள். ஏழு வயசு. ஷூவைக்கூடக் கழற்றாமல் போய்க் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அந்த இடத்தை எனக்குத் தெரியும். நீயும் ஒரு நாள் அப்படி வந்து உட்கார்ந்தாய். இருபது வருசத்துக்கு மேல் அந்த நாளைப் பற்றிப் பேசாமலே ஓட்டிவிட்டோம். இனி முடியாது.

முதலில் என் கையைப் பற்றிச் சொல்கிறேன். திருச்செங்கோட்டு ரிக்கு வண்டியில் நான் டிரில்லர். போர் போடும் முன் மற்றவர்கள் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டுவார்கள். நான் கம்ப்ரஸர் பக்கத்தில் மண்டியிட்டு ஜெபம் பண்ணுவேன். முடியும் வரை ஒருவனும் வாய் திறக்க மாட்டான். என் ஜெபத்துக்கு அவ்வளவு மரியாதை என்று நினைத்திருந்தேன். மரியாதை ஜெபத்துக்கு இல்லை, கைக்கு. நாக்பூர் பக்கம் ஒரு தடவை, ஒருத்தன் இரும்பு ராடைக் கை நழுவ விட்டுவிட்டான். என் கால் போயிருக்கும், ஒரு விரற்கடையில் தப்பியது. கையில் இருந்த ஸ்பேனரால் அவன் வாயில் அடித்தேன். முன்பல் இரண்டும் வந்துவிட்டன. அவன் அவற்றை உள்ளங்கையில் துப்பி, யாருடைய பல்லோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஆமென் சொல்லி வாய் காயல, அதுக்குள்ள என்னையக் கொல்லப் பாக்கறயா?" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். ஊருக்கு வந்து இதைப் பெருமையாகச் சொன்னேன். நீ என் மடியில் உட்கார்ந்து கேட்டாய்.

நீ ஒன்பதாவது படித்த வருசத்து அறுப்பின் பண்டிகை உனக்கு மறந்திருக்காது. பெங்களூர்க் கோயிலில் ஏலம் இருக்கிறதோ என்னவோ. நம் கோயிலில் ஆராதனை முடிந்ததும், சபையார் படைத்த பூசணி, கரும்பு, தேங்காய், கோழி எல்லாவற்றையும் பந்தலில் வைத்து ஏலம் விடுவார்கள். யாரும் பொருளுக்காக ஏலம் கேட்பதில்லை. கர்த்தருக்குக் கொடுக்கிறோம் என்ற பேரில் எவன் பெரியவன் என்று காட்டத்தான் கேட்பார்கள். ஓர் எலுமிச்சம்பழத்துக்கு இரண்டு பங்காளிகள் மல்லுக்கு நின்று வருசக்கணக்காகப் பேச்சு முறிந்துபோன சபை இது. அந்த வருசம் ஒரு சிவப்புச் சேவலுக்கு நானும் ஆசீர்வாதம் மாமாவும் மோதினோம். அவர் என் அத்தை மகன், எனக்கு மச்சான், விசைத்தறி ஓட்டுகிறவர், வாய்க்காரர். சேவல் எனக்கு விழுந்தது. கணக்கர் கையெழுத்துக்கு நோட்டை நீட்டினார். மாமா பந்தலே கேட்கும்படி, "என்ர மச்சானுக்குப் பேனா எதுக்குங்க? மை டப்பாவ வெய்ங்க. மச்சான் கை நாட்டு வெக்கட்டும், சேவல் கால் நாட்டு வெக்கட்டும். எது யாருதுன்னு மட்டும் பக்கத்துல எழுதிருங்க, ரெண்டும் ஒண்ணாட்டமேதான் இருக்கும்" என்றார். பெண்கள் பக்கம்கூடச் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதை நான் பார்த்தேன்.

பாய்ந்து அவர் கழுத்தைப் பிடித்தேன். மேசை கவிழ்ந்தது, பூசணி உருண்டது, அவர் சட்டை கிழிந்தது. "ஆண்டவர் சந்நிதியில என்னங்க இது, விடுங்க, விடுங்க" என்று மூப்பர்கள் நாலு பேர் பிரித்துவிட்டார்கள். மாமா முகம் கழுவக் கோயிலுக்குப் பின்னால் குழாயடிக்குப் போனார். நான் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன். இதுவரை நான் யாரிடமும் சொல்லாதது இனிமேல்தான் வருகிறது. கோபம் என் கண்ணை மறைத்துவிட்டது என்று எல்லா அப்பன்களும் சொல்வார்கள். எனக்குக் கோபம் தணிந்திருந்தது. தணிந்த பிறகுதான் எழுந்து போனேன். பின்பக்கத்து வராண்டாவில் காணிக்கைத் தேங்காய்களைக் குவித்திருந்தார்கள். ஒன்றை எடுத்தேன், லேசாக இருந்தது. அதை வைத்துவிட்டு, நல்ல முற்றல் காயாக, கனமாக, வேறொன்றைப் பொறுக்கினேன். மாமா குனிந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். பின்னால் இருந்து, இடது காதுக்கு மேலே அடித்தேன். ஓடு தெறித்து என் உள்ளங்கை கிழிந்தது. அவர் கத்தவில்லை. குழாய்க் கட்டையில் நெற்றி மோதிச் சரிந்தார். காதிலிருந்து வந்த ரத்தம் தேங்காய்த் தண்ணீரோடு கலந்து ஓடியது. கால்கள் இரண்டும் தரையில் இழுத்துக்கொண்டு துடித்தன. நான் நிமிர்ந்தபோது நீ நின்றுகொண்டிருந்தாய், காலைக் கட்டிய சேவலைக் கக்கத்தில் இடுக்கியபடி.

"அப்பா, செத்துட்டாருங்களா?" என்று கேட்டாய். "பாசி வழுக்கி உழுந்துட்டாரு. நீ பாத்த. வழுக்கித்தான் உழுந்தாரு" என்றேன். சொல்லிக்கொண்டே உடைந்த ஓடுகளை வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தேன்.

மாமாவைச் சேலம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பின்னாலிருந்து விழுந்த அடி, அவருக்கு ஒன்றும் தெரியாது. என் மேல் சந்தேகம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். போலீசுக்குப் போகாமல் சபைக்குள்ளேயே விசாரிப்பது என்று மூப்பர்கள் முடிவு செய்தார்கள். குழாயடியில் நின்ற ஒரே சாட்சி நீதான், உன்னைக் கூப்பிட்டார்கள். அன்று காலையில் உன் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "செஞ்சது நீங்க. செயிலுக்குப் போறதானாலும் போங்க, நான் தறிக்குப் போயிக் கஞ்சி ஊத்திக்கறன். பையன் வாயில அதத் திணிக்காதீங்க" என்றாள். நான் அடித்த அடியில் அவள் அடுப்படிச் சுவரில் மோதி விழுந்தாள், நீ பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு உன்னை நான் மிரட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. கோயில் பின்னறையில் போதகர் ஐயா வேதத்தை மேசையில் வைத்தார். "பயப்படாத கண்ணு. இது மேல கை வெச்சு, பாத்தத மட்டும் சொல்லு" என்றார். நீ கையை வைத்தாய். என்னைப் பார்த்தாய். நான் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். "வழுக்கித்தானுங்க உழுந்தாரு" என்றாய். வீட்டுக்கு வந்து கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாய். உன் அம்மா சோற்றைத் தட்டில் போட்டு அங்கேயே கொண்டுவந்து வைத்தாள்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. கொஞ்ச நாள் கழித்து மாமா தலையில் கட்டோடு கோயிலுக்கு வந்தார். இடது காது கேட்காமல் போய்விட்டது. வாய் ஒரு பக்கம் லேசாக இழுத்திருந்தது. திருவிருந்துக்கு முன், மனத்தாங்கல் உள்ளவர்கள் கையைப் பிடித்துச் சமாதானம் சொல்ல வேண்டும் என்பது நம் கோயில் வழக்கம். அவர் பெஞ்சுகளைப் பிடித்துப் பிடித்து நான் நின்ற இடத்துக்கு நடந்து வந்தார். "மச்சான், வாய்க்கொழுப்புல பேசிப்போட்டன். உங்க மேலயே சந்தேகமும் பட்டுப்போட்டன். என்னைய மன்னிச்சுப்போடுங்க" என்று என் இரண்டு கைகளையும் பிடித்து அழுதார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மன்னிச்சுட்டன், போங்க" என்றேன். சபையே அழுதது. நீ மட்டும் எழுந்து வெளியே போனாய். தன் வாயாலேயே விசுவாசத்தை அறிக்கையிட்டுத் திருவிருந்தில் சேருகிற திடப்படுத்தல் அடுத்த மாதம் உனக்கு இருந்தது. அன்றைக்கு ஜுரம் என்று படுத்துக்கொண்டாய். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், ஜுரம் இல்லை. கம்ப்ரஸரின் பழைய பெல்ட்டால் அடித்தேன். "கர்த்தருக்குப் பயப்படு, கர்த்தருக்குப் பயப்படு" என்று சொல்லிச் சொல்லி அடித்தேன். ஓர் அடிக்கு ஒரு தடவை அவர் பெயர். உன் முதுகில் பட்டை பட்டையாக எழும்பியது. அடுத்த வருசம் நீ போய்த் திடப்படுத்தல் வாங்கிக்கொண்டாய்.

வேலைக்குக் கிளம்பிய நாளில் சேலம் பஸ் ஸ்டாண்டில் உன் பையில் ஒரு வேதத்தைத் திணித்தேன். நீ அதை எடுத்து என் கையிலேயே திருப்பி வைத்து, "இது மேல நான் ஒருக்காக் கை வெச்சது போதும்" என்றாய். அத்தனை பேர் நடுவில் உன்னை அறையக் கை ஓங்கினேன். நீ மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். எலும்பு நொறுங்குகிற பிடி. "இனி அடிச்சா, அப்பன்னு பாக்கமாட்டேன்" என்றாய். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், "பையன் ஆம்பளையாயிட்டான்" என்று சொன்னேன், மகனே. பெருமையாகவே சொன்னேன்.

ஆகையால் உன் விசுவாசத்தைப் பெங்களூர் தின்றுவிட்டது என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீ பஸ் ஏறும்போதே அது உன்னிடம் இல்லை. நான் அடித்து விரட்டியிருந்தேன். நகரம் உனக்குச் செய்தது ஒன்றுதான்: அதை நினைக்க நேரமில்லாமல் பார்த்துக்கொண்டது. வேலை, போன், கார், சனிக்கிழமை நண்பர்கள், எல்லாம் புண் மேல் வைத்த பஞ்சு. பஞ்சை எடுத்து எறி என்று போதகர் சொல்லலாம். புண்ணை உண்டாக்கினவன் சொல்ல முடியாது. கோயிலுக்குப் போ என்றும் உனக்குச் சொல்லத் துணிவில்லை. ஒரு ஞாயிறு தவறாமல் போனவன் நான். ஊரிலேயே இருந்து, நகரத்தின் ஒரு தூசிகூடப் படாமல், இத்தனையும் செய்தேன். வேதத்தை இப்போது எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. முன்பு போதகர் ஐயா வாசிக்கும்போது, எனக்குப் பிடித்தது மட்டும் காதில் நிற்கும், மிச்சமெல்லாம் பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு என்று விட்டுவிடுவேன். இப்போது ஒரு சொல்லையும் தாண்ட முடிவதில்லை. விரல் அங்கேயே நிற்கிறது. காணிக்கையோடு வந்தவனை வாசலிலேயே நிறுத்தி, உன் மேல் குறை உள்ளவனிடம் போய்விட்டு அப்புறம் வா என்று திருப்பி அனுப்புகிற இடத்தில் என் விரல் மூன்று நாள் நின்றது. நகரத்தில் விசுவாசத்தைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரிந்த பதில் இதுதான்: முதலில் அந்த வீட்டுக்குப் போ.

நான் போனேன். மாமா தறி ஓட்டிக்கொண்டிருந்தார். "வாங்க மச்சான்! பையன் ஊட்டுல இருந்து எப்ப வந்தீங்க? பேத்தி நல்லா இருக்குதுங்களா?" என்றார். தறியை நிறுத்தச் சொன்னேன். "எனக்குத்தான் ஒரு காது மிச்சமாச்சே, பாதிச் சத்தம்தான் கேக்கும், சும்மா சொல்லுங்க" என்று சிரித்தார். நானே சுவிட்சை அணைத்தேன். "நீங்க வழுக்கி உழுவல மச்சான். நாந்தான் பின்னால இருந்து அடிச்சேன். தேங்காயில" என்றேன்.

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "இன்னொருக்காச் சொல்லு" என்றார். அவர் என்னை ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. இன்னொரு தடவை சொன்னேன். தறியிலிருந்து நாடாவை உருவி எடுத்தார். இரண்டு முனையிலும் இரும்பு வைத்த, நூல் சுமந்து ஓடுகிற கட்டை அது. அதனாலேயே முகத்தில் அடித்தார். கன்னம் கிழிந்து ஒரு கடைவாய்ப்பல் ஆடிப்போனது. நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அந்தக் கைகள் முன்னால் வரத் துடித்தன, மகனே. எழுபது வயதிலும் துடித்தன. ஒன்றையொன்று பிடித்து நிறுத்திக்கொண்டன. தோளில், கழுத்தில், கை ஓயும் வரை அடித்துவிட்டுத் தறிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

"காது போனதுக்கு நான் ஒரு நாளும் அழுவலடா" என்றார். "உன்னையச் சந்தேகப்பட்ட பாவத்த மன்னிச்சுருங்க ஆண்டவரேன்னு இத்தன வருசமா முட்டி போட்டுக்கிட்டிருக்கறன். நேத்தும் போட்டன். அந்த ஜெபத்தையெல்லாம் எனக்கு யாருடா திருப்பித் தர்றது?"

வாயில் ஊறிய ரத்தத்தைத் துண்டில் துப்பினேன். பிறகு அவரே கேட்டார்: "பையனுக்கு அப்ப என்ன வயசு?"

"பதினாலு."

"எங்கிட்ட வந்து நிக்கறயே, அவங்கிட்டச் சொன்னயா?"

"அவனுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றேன்.

"அவனுக்குத் தெரியறது வேற. நீ வாயத் தொறந்து சொல்றது வேற. அவங்கிட்டச் சொல்லு. ஞாயித்துக்கெழம சபையில எந்திரிச்சுச் சொல்லு. மன்னிக்கறனா இல்லையாங்கறத அப்பறம் பாத்துக்கலாம். இப்பப் போயிரு, இல்லீன்னா மறுபடி அடிச்சுப்போடுவன்."

வீங்கின முகத்தோடு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா பதறி, "யாருங்க அடிச்சது?" என்றாள். "மச்சான்" என்றேன். "ஏனாம்?" "நான் அடிச்சதுக்கு." வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து, என் கன்னத்தை ஒற்றினாள். அன்று அடுப்படியில் அவளை அடித்ததற்கும் மன்னிப்புக் கேட்டேன். "அந்த ஒருக்காத்தானா? எனக்கும் ஒரு கடுதாசி எழுதுங்க. நல்லா நீளமா. எனக்குப் படிக்கத் தெரியாது, எழுதினவரே படிச்சுக் காட்டோணும்" என்றாள். கன்னம் வலிக்க வலிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. மகனே, உன் அப்பா இப்போது சந்தோஷமாக இருக்கிறேன். அடிபட்டு இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து சொல்லப்போகிறேன். நீ வர வேண்டாம். உன் பெயர் வருகிற இடத்தில், அவன் பொய் சொல்லவில்லை, அவன் வாயை வைத்து நான் சொன்னேன் என்று சொல்வேன். அந்தப் பாவம் அன்றும் உன்னுடையதில்லை, இன்றும் உன்னுடையதில்லை.

ஆனால் பெங்களூரில் நடந்தது உன்னுடையது. அந்த ஆட்டோக்காரரைத் தேடிப் பார். அவ்வளவு பெரிய ஊரில் கிடைப்பாரோ மாட்டாரோ. கிடைக்காவிட்டாலும், உன் வீட்டிலேயே ஓர் ஆள் இருக்கிறாள். நான் உனக்குப் பதினாலு வயதில் செய்ததை நீ அவளுக்கு ஏழு வயதில் செய்துவிட்டாய். நான் வாயைத் திறக்க இருபது வருசத்துக்கு மேல் ஆயிற்று. உனக்கு இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. ரெபிக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் கீழே உள்ளதை நீதான் அவளுக்கு வாசிக்க வேண்டும். மருமகளையும் கூட உட்கார வைத்துக்கொள். எதையும் விட்டுவிடாதே, மாற்றாதே. நடுவில் குரல் நின்றால் நிற்கட்டும், அவள் காத்திருப்பாள்.

ரெபி சாமி, தாத்தா எழுதுகிறேன். உன் அப்பா வாசிக்கிறார். அன்றைக்குக் காரில் நீ பார்த்ததெல்லாம் உண்மை. கண்ணாடி பார்க்கிங்கில் உடையவில்லை. உன் அப்பா அந்த அங்கிளை மூன்று தடவை அடித்தார், அவருக்கு ரத்தம் வந்தது. தாத்தா கதவைத் திறந்து தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. உன் அம்மாவிடம் நீ சொன்னது உன் பொய் இல்லை. அது பெரியவர்கள் இரண்டு பேருடையது. நாங்கள் அதை உன்னிடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டோம். இப்போது உன் அப்பா இந்தத் தாளைக் கீழே வைப்பார். அவர் அழுதாலும் பயப்படாதே. அங்கே என்ன நடந்தது என்று முதலிலிருந்து நீ சொல்லு. அவர் குறுக்கே பேசாமல் கேட்பார்.